கோவில்பட்டிப் பட்டறை: ஓவிய ஆசிரியராகச் சி. கொண்டையராஜு (1898–1976)

ஆய்வுச் சுருக்கம்

சிவகாசி அச்சகங்கள் வெளியிட்ட தெய்வப் படங்களின் வழியே தென்னிந்திய இல்லங்களில் இடம்பெற்ற ஓவியர் சி. கொண்டையராஜு. கலை வரலாறு அவரைக் ‘காலண்டர் ஓவியர்’ என்னும் சொல்லால் குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. அச்சொல் அவர் படங்கள் சென்று சேர்ந்த இடத்தைக் காட்டுகிறது. அப்படங்கள் உருவான முறையைக் காட்டவில்லை. கோவில்பட்டியில் அவர் அமைத்த பட்டறையைக் கலைக்கல்விக்கான ஓர் அமைப்பாகவும், அங்கிருந்து வந்த படங்களில் ஆசிரியர், மாணவர் இருவர் பெயரும் சேர்ந்து நிற்கும் இரட்டைக் கையொப்பத்தை அக்கல்வியின் சான்றாகவும் கொண்டு, தமிழக நவீன ஓவிய வரலாற்றில் அவருக்குரிய இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொண்டையராஜு, கோவில்பட்டி, சிவகாசி, தேவி ஆர்ட் ஸ்டுடியோ, அச்சுப்படம், நாட்காட்டி, கலைக்கல்வி, பதிப்புரிமை

முன்னுரை

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலை காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியே செல்கிறது. அதற்கு மேற்கே மதுரை–திருநெல்வேலி இருப்புப்பாதை விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி ஆகிய ஊர்களைத் தொடுகிறது. அதற்கும் மேற்கே சிவகாசி. இவ்வூர்கள் அனைத்தும் மழையை நம்பிய வறண்ட நிலத்தில் அமைந்தவை. பல, பருத்தி விளையும் கரிசல் காட்டைச் சார்ந்தவை. இன்று விருதுநகர், தூத்துக்குடி ஆகிய இரு மாவட்டங்களில் இவை பிரிந்து கிடந்தாலும், அப்பிரிவு 1985, 1986ஆம் ஆண்டுகளில் நேர்ந்தது. கொண்டையராஜு வாழ்ந்த காலத்தில் சிவகாசியும் காரியாபட்டியும் இராமநாதபுரம் மாவட்டத்திலும், கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டத்திலும் இருந்தன. நிருவாக எல்லை எதுவாயினும், தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களால் இப்பகுதி ஒரே பொருளியல் வட்டாரமாகப் பிணைந்திருந்தது.

இவ்வட்டாரத்தின் மளிகைக் கடைகளிலும் ஜவுளிக் கடைகளிலும் வீட்டுப் பூசை மாடங்களிலும் தொங்கிய முருகன், மீனாட்சி, இலக்குமி, சிவ குடும்பப் படங்களுக்கும் நவீன இந்திய ஓவிய வரலாற்றுக்கும் தொடர்பு உண்டா என்னும் வினா, அவ்வரலாற்றை எழுதியோரால் நெடுங்காலம் எழுப்பப்படவில்லை. கண்காட்சிக்கூடத்தில் தொங்கிய படமே வரலாற்றுக்குரியது என்ற முன்முடிவு அதற்குக் காரணம். ஆயினும் அப்படங்களுள் பலவற்றின் பின்னால் இருந்தவர் சென்னைக் கலைப்பள்ளியில் முறையாகப் பயின்ற ஒருவர். அவர் தம் வாழ்நாளின் பிற்பாதியைச் சிற்றூர் இளைஞர்களுக்கு ஓவியம் கற்பிப்பதில் கழித்தவர். இவ்விரு செய்திகளும் அம்முன்முடிவை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றன.

முன்னோடி ஆய்வுகளும் ஆய்வுச் சிக்கலும்

கொண்டையராஜுவைக் கல்விப்புல ஆய்வுக்குள் கொண்டுவந்தவர் கனடா நாட்டு மானிடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸ். தமிழகத்து வேளார் சமூகத்தின் மட்கலையை ஆய்ந்த அவர், கொண்டையராஜு குறித்த தம் கட்டுரையை 1995இல் வெளியிட்டார். சட்டமிட்டு மாட்டத் தக்கது என்னும் பொருள்தரும் அக்கட்டுரைத் தலைப்பு, நாட்காட்டிப் படத்தின் இரண்டாம் வாழ்வைக் குறிப்பாகச் சுட்டுகிறது: ஆண்டு முடிந்து நாள்தாள்கள் தீர்ந்தபின் படம் மட்டும் கத்தரிக்கப்பட்டுக் கண்ணாடிச் சட்டத்துள் புகுந்து வழிபாட்டுக்குரியதாகிவிடும். இவரையடுத்துக் கிறிஸ்டோபர் பின்னி 2004ஆம் ஆண்டிலும், கஜ்ரி ஜெயின் 2007ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்கள் இந்திய அச்சுப்படப் பண்பாட்டை விரிவாக ஆராய்ந்தன. ஜெயினின் நூல் சிவகாசியின் வணிகச் சூழலுக்கும் பெரிதும் இடமளித்தது.

இவ்வாய்வுகள் முதன்மையாக எழுப்பிய வினாக்கள் மானிடவியலையும் வணிகப் பண்பாட்டையும் சார்ந்தவை: படம் எவ்வாறு புழங்குகிறது? பக்தியும் பண்டமும் எவ்வாறு ஒன்றையொன்று தாங்குகின்றன? இவ்வினாக்கள் இன்றியமையாதவை. எனினும் கலைக்கல்வி வரலாறு என்னும் கோணம் இவற்றில் பின்புலமாகவே நிற்கிறது. கொண்டையராஜு என்ன வரைந்தார் என்பதுடன், எவ்வாறு கற்பித்தார், கற்பித்தல் அவர் படைப்பின் இயல்பையே எவ்வாறு மாற்றியது என்பனவும் கேட்கப்பட வேண்டியவை. இக்கட்டுரை அவ்விடத்திலிருந்து தொடங்குகிறது.

உருவாக்கம்: பள்ளி, ஆசிரமம், மேடை

கொண்டையராஜு 1898இல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ராஜு சமூகத்தைச் சேர்ந்தவர். தந்தை சித்த மருத்துவர். ஆதலின் ஓவியம் அவருக்குக் குலத்தொழிலாக வரவில்லை; பயின்று பெற்ற ஒன்றாகவே வந்தது. தஞ்சாவூர்ப் படங்களையோ தேர்ச்சிற்பங்களையோ தலைமுறைகளாகச் செய்துவந்த குடும்பங்களிலிருந்து இவர் வேறுபடும் இடம் இது.

1910களின் பிற்பகுதியில் அவர் பயின்ற சென்னைக் கலைப்பள்ளி, 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டரால் தொடங்கப்பட்டது. பின்னர் அரசின் பொறுப்புக்கு வந்த அந்நிறுவனத்தின் அடிப்படை நோக்கம் கைவினைஞர்க்குத் தொழிற்பயிற்சி அளிப்பதாகும். உலோக வேலை, மர வேலை, அணிகலன் வடிவமைப்பு ஆகியவற்றுக்கு அங்குச் சிறப்பிடம் இருந்தது. நுண்கலை ஓவியருக்கான கல்லூரியாக அது திசைமாறியது, 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராகப் பொறுப்பேற்ற பின்னரே. கொண்டையராஜு பயின்றது அத்திருப்பத்துக்கு முந்தைய பள்ளியில். கண்காட்சி ஓவியருக்கும் தொழில்சார் ஓவியருக்கும் இடையே பிற்காலத்தில் எழுந்த சுவர் அப்போது உறுதிப்படவில்லை. உருவ அளவு, ஒளி நிழல், தொலைநோக்கு ஆகிய ஐரோப்பிய இலக்கணங்களைக் கற்ற ஒருவர் அவற்றைக் கைத்தொழிலில் பயன்படுத்துவது அப்பள்ளியின் எதிர்பார்ப்போடு ஒத்ததே. எனவே கொண்டையராஜு பிற்காலத்தில் அச்சுத் தொழிலுக்கு வரைந்ததைக் கலைப்பள்ளி வழியிலிருந்து விலகியதாகக் கருதுவது, 1929க்குப் பிந்தைய அளவுகோலை முந்தைய காலத்தின்மேல் ஏற்றுவதாகும்.

கல்விக்குப் பின் அவர் வாழ்வு துறவு நாட்டத்தின் பக்கம் சென்றது. திருவண்ணாமலையில் ரமணரின் அண்மையில் சில காலம் வாழ்ந்தார். ரமணரின் உருவப்படத்தையும் தீட்டினார். ரமணர் 1879இல் பிறந்த திருச்சுழி, காரியாபட்டியை அடுத்த வட்டத்தின் தலைமையிடமாகும். பிற்காலத்தில் கொண்டையராஜு வந்து தங்கிய வட்டாரமே அவர் வணங்கிய முனிவரின் பிறப்பிடத்தையும் உள்ளடக்கியது என்பது தற்செயலான பொருத்தம். ஆனால் ஆசிரம வாழ்வு அவர் ஓவியத்துக்கு அளித்த பயிற்சி தற்செயலானதன்று. உயிரோடு எதிரே அமர்ந்திருப்பவரை, பார்ப்போர் வணங்கும் நிலையில் தீட்டுவது உருவப்பட ஓவியத்தையும் தெய்வப்பட ஓவியத்தையும் இணைக்கும் பணி. பார்வையாளரை நேராக நோக்கும் கண், அமைதி கொண்ட முகம், பின்புலத்தின் ஆரவாரத்தால் கலையாத திருமுகம் என அவர் பட்டறையின் படங்களில் நிலைத்த கூறுகளை இவ்வனுபவத்தோடு பொருத்திக் காண இடமுண்டு.

மூன்றாவது பயிற்சிக்களம் நாடக மேடை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகமெங்கும் சுற்றிய நாடகக் குழுக்களுக்குத் திரை ஓவியர் இன்றியமையாதவர். தர்பார், அந்தப்புரம், வீதி, காடு எனக் கதைக்கேற்ற படுதாக்கள் வேண்டும். பெரிய துணியில் விரைவாகத் தீட்ட வேண்டும். விளக்கொளியில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். தூண்களும் வளைவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்வாங்கி ஆழத்தைக் காட்ட, நடுவில் நடிகர் நிற்கும் இடம் வெறுமையாக விடப்பட வேண்டும். அச்சுப்படத்தில் அவ்வெற்றிடத்தில் தெய்வம் வந்து நின்றது. இருபுறமும் ஒதுங்கிய திரைச்சீலை, பளிங்குப் படி, தொலைவில் கோபுரம், நீர்நிலை ஆகியன நாடக மேடையிலிருந்து நாட்காட்டிக்கு இடம்பெயர்ந்தவை. இவ்வகையில் நோக்கினால் கொண்டையராஜுவின் தெய்வப்படம் கருவறைக் காட்சியையும் மேடைக் காட்சியையும் ஒருங்கே நினைவூட்டுவது.

கோவில்பட்டியும் தேவி ஆர்ட் ஸ்டுடியோவும்

1931இல் தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளிவந்தது முதல் நாடகக் குழுக்களின் நிலை தளரத் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போர்க்கால நெருக்கடி அத்தளர்ச்சியை விரைவுபடுத்தியது. 1942இல் கொண்டையராஜு சார்ந்திருந்த குழு கோவில்பட்டியில் கலைந்தபோது, அவர் அவ்வூரிலேயே தங்கிவிட்டார். அவருடன் இருந்தவர் மாணவர் டி.எஸ். சுப்பையா. தங்குவதற்குக் கோவில்பட்டியைத் தேர்ந்தது முன்திட்டம் ஆகாது. ஆனால் அவ்வூர் அவருக்கு வாய்ப்பளித்ததற்குக் காரணங்கள் உண்டு. இருப்புப்பாதையும் பஞ்சாலைகளும் தீப்பெட்டித் தொழிலும் சேர்ந்து, கையில் காசு புழங்கும் நடுத்தர வகுப்பை அங்கு உருவாக்கியிருந்தன. அவ்வகுப்புக்குத் திருமணப் படமும் முன்னோர் படமும் பூசைப் படமும் தேவைப்பட்டன.

1940களில் உருவான தேவி ஆர்ட் ஸ்டுடியோ இத்தேவையை நிறைவேற்றியது. அது ஒரு புகைப்படக் கூடம். அக்காலப் புகைப்படக் கூடத்தில் ஓவியருக்கு வேலை மிகுதி. படம் எடுப்பவர் பின்னால் தொங்கும் தீட்டிய திரை, எதிர்த்தகட்டில் முகச்சுருக்கங்களைத் திருத்தும் ‘ரீடச்சிங்’, கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் ஏற்றுதல், இறந்தவரின் சிறு படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி வரைதல் ஆகிய அனைத்தும் தூரிகை வேலைகள். இவ்வேலைகளே மாணவருக்குப் பாடங்களும் ஆயின. முகத்தை மெருகேற்றக் கற்ற கை, தெய்வத்தின் முகத்தையும் அதே மென்மையோடு தீட்டியது. அவர் பட்டறைப் படங்களில் தெய்வ முகங்களுக்கு ஒரு மனிதச் சாயல் உண்டு. அச்சாயலின் ஊற்றுக்கண் புகைப்படக் கூடத்தில் இருந்தது எனக் கருதலாம்.

டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், ஜி. செண்பகராமன், மு. சீனிவாசன், எஸ். மீனாட்சிசுந்தரம் முதலானோர் அவரிடம் பயின்று நாட்காட்டி ஓவியர்களாக அறியப்பட்டவர்கள். இங்கு வகுப்பறையோ பாடத்திட்டமோ சான்றிதழோ இல்லை. கற்றலும் சம்பாதித்தலும் ஒரே அறையில், ஒரே நாளில், ஒரே அட்டையின்மேல் நிகழ்ந்தன. திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்த கொண்டையராஜுவுக்கு அம்மாணவர் வட்டமே குடும்பமாகவும் இருந்தது. ஆசிரியரின் இல்லத்திலிருந்து கற்கும் பழைய குருகுல முறைக்கும், தொழிற்கூடத்தில் வேலைசெய்தபடியே கற்கும் பட்டறை முறைக்கும் இடைப்பட்டது இவ்வமைப்பு. அரசு உதவியோ ஆதீன உதவியோ இன்றி, வாடிக்கையாளர் தந்த பணத்தாலேயே அது நடந்தது.

சிவகாசி: ஓவியம் அச்சாகும் வழி

தென்னிந்தியாவில் அச்சுத் தெய்வப்படம் கொண்டையராஜுவோடு தொடங்கவில்லை. இரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகமும், ஐரோப்பாவிலிருந்து, குறிப்பாகச் செருமனியிலிருந்து, அச்சாகி வந்த வண்ணப்படங்களும் அதற்கு முன்பே சந்தையை உருவாக்கியிருந்தன. கோவில்பட்டிக்கு அருகிலேயே அச்சுத் தொழில் வளர்ந்தமைதான் புதிய சூழல். 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் ஆகியோரின் முயற்சியால் சிவகாசியில் அத்தொழில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கும் பின்னர் பட்டாசுக்கும் வண்ண வில்லைகள் தேவைப்பட்டன. வில்லை அச்சடிக்க வந்த கல்லச்சு, நாட்காட்டிக்கும் பூசைப் படத்துக்கும் விரிந்தது. சிவகாசியின் வறண்ட தட்பவெப்பம் தீக்குச்சி உலர்வதற்கு உதவியது போலவே, பல வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்து உலர்த்துவதற்கும் ஏற்றதாயிற்று.

கல்லச்சு முறையில் ஓவியரின் மூலப்படம் நேராக அச்சேறாது. அச்சகத்தின் லித்தோ ஓவியர் அதைக் கண்ணால் பகுத்து, ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ புள்ளிகளாகவும் பரப்புகளாகவும் வரைய வேண்டும். வண்ணங்கள் இம்மியும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று அமர வேண்டும். பின்னர் வந்த ஆஃப்செட் முறையில் இப்பகுப்பைக் கேமரா செய்தாலும், எதிர்ப்படத்தைத் திருத்தும் கைவேலை தொடர்ந்தது. ஆதலின் அச்சுக்கு வரைபவர் அச்சின் இயல்பறிந்து வரைய வேண்டும். விளிம்புகள் தெளிவாக இருக்க வேண்டும். சிறிதாக்கினாலும் முகம் கெடக்கூடாது. கடையின் பெயர் அச்சிடவும் நாள்தாள் கட்டு ஒட்டவும் கீழே இடம் வேண்டும். கொண்டையராஜு பட்டறையின் படங்கள் இக்கட்டுப்பாடுகளை மீறாமலே நிறைவு எய்தியவை.

வணிகச் சுழற்சியும் படைப்பின் காலத்தை நிர்ணயித்தது. சிவகாசி நாட்காட்டி உற்பத்தியாளர்கள் அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களை ஆடிப்பெருக்கு நாளில் வெளியிடுவதை வழக்கமாகக் கொண்டுள்ளனர். முகவர்கள் அவ்வால்பத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்று, காரியாபட்டி போன்ற சிற்றூர்க் கடைக்காரரிடமும் ஆர்டர் பெறுவர். கடைக்காரர் தேர்ந்தெடுத்த படத்தின்கீழ் அவர் கடைப்பெயர் அச்சாகி, தைக்கு முன் வாடிக்கையாளரின் வீடு சேரும். இச்சுழற்சிக்கு ஆண்டுதோறும் புதிய படங்கள் வேண்டும். ஆனால் அவை பழக்கப்பட்ட தெய்வத்தின் பழக்கப்பட்ட திருக்கோலமாகவும் இருக்க வேண்டும். ஒரே ஓவியர் இத்தேவையைத் தனியே நிறைவுசெய்தல் அரிது. ஒரே கையெழுத்துப்போல் வரையும் பல கைகள் வேண்டும். கோவில்பட்டிப் பட்டறை அதைச் செய்தது. கற்பித்தல் இங்கு உற்பத்தியின் துணைவிளைவு அன்று. உற்பத்தி நடைபெறுவதற்கே கற்பித்தல் அடிப்படையாயிற்று.

இரட்டைக் கையொப்பம்

இப்பட்டறையின் அச்சுப்படங்கள் பலவற்றில் கொண்டையராஜுவின் பெயரோடு சுப்பையாவின் பெயரோ ராமலிங்கத்தின் பெயரோ சேர்ந்து காணப்படுகிறது. இவ்வழக்கம் அரிதானது. ஐரோப்பிய ஓவியப் பட்டறைகளில் பல கைகள் சேர்ந்து தீட்டிய படத்தைப் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவர் பெயரே உரிமை கொண்டாடியது. தமிழகக் கோயிற்கலையில் சிற்பியின் பெயர் பொறிக்கப்படாமையே பெருவழக்கு. ஒன்றில் ஒருவர் பெயர். மற்றொன்றில் எவர் பெயரும் இல்லை. கோவில்பட்டியில் இருவர் பெயர் நின்றது.

இதனை மூவகையில் விளக்கலாம். முதலாவது, வணிக விளக்கம்: ஆசிரியரின் பெயர் சந்தையில் நம்பிக்கை தரும் முத்திரை, மாணவர் வரைந்த படத்துக்கும் அது மதிப்பைக் கூட்டும். இரண்டாவது, உழைப்பு விளக்கம்: அமைப்பை ஒருவர் வகுக்க, வண்ணத்தை மற்றொருவர் நிறைவுசெய்திருக்கலாம், இரு பெயர்களும் உண்மையான வேலைப்பகிர்வைக் குறிக்கும். மூன்றாவது, கல்வி விளக்கம்: மாணவரின் பெயர் பொதுவெளியில் அறிமுகமாகும் சடங்காக அது அமைகிறது. இசைக்கச்சேரியில் மாணவரைத் தம்மருகே அமர்த்திப் பாடவைக்கும் ஆசிரியரின் செயலை ஒத்தது இது. அவை கேட்பது ஆசிரியர் பெயருக்காக. வெளியேறும்போது அதன் நினைவில் மாணவர் பெயரும் இருக்கும்.

மூன்று விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. எனினும் முதலாவதை மட்டும் ஏற்பின் ஒரு சிக்கல் எழுகிறது. முத்திரை மட்டுமே நோக்கமெனில் ஆசிரியர் பெயர் ஒன்றே போதும். மாணவர் பெயரைச் சேர்ப்பதால் முத்திரைக்கு வலிமை கூடாது. மாணவர் பெயரின் இருப்பை விளக்கக் கல்விநோக்கைத் துணைக்கொள்ளவே வேண்டும். தம் பெயரின் மதிப்பைப் பகிர்ந்தளித்தமை கொண்டையராஜுவின் ஆசிரியப்பணியில் முதன்மையாகக் கருதத்தக்கது.

சட்டத்தின் கண்கொண்டு நோக்கினும் இக்கையொப்பம் பொருளுடையது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒருவர் பங்கு மற்றவர் பங்கிலிருந்து பிரித்தறிய இயலாதவாறு இருவர் ஒத்துழைத்து உருவாக்கிய படைப்பைக் கூட்டுப்படைப்பு என வரையறுக்கிறது. கோவில்பட்டிப் படத்துக்கு இவ்வரையறை வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது. தனியொருவர் படைப்புக்கு அவர் மறைந்ததை அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அவ்வகையில் கொண்டையராஜு தனித்து வரைந்தவற்றுக்கு 2036ஆம் ஆண்டு இறுதி எல்லையாகும். கூட்டுப்படைப்பாயின் கடைசியாக மறைந்தவரின் இறப்பிலிருந்து காலம் கணக்கிடப்படும். மறுபுறம், அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு, பணம் தந்து வரையச் செய்த ஓவியத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, வரையச் செய்தவரே என்கிறது. அச்சகம் ஒருமுறைப் பணம் தந்து மூலப்படத்தை வாங்கிக்கொள்ளும் தொழில்வழக்கில், படம் எத்தனை இலட்சம் அச்சானாலும் ஓவியருக்கு மேலும் வருவாய் இல்லை. பொருளுரிமை நீங்கியபின்னும் தாமே படைத்தவர் எனக் கோரும் உரிமையை 57ஆம் பிரிவு ஓவியருக்கு விட்டுவைத்தது. நடைமுறையில் ஓவியரிடம் எஞ்சியது பெயர் ஒன்றே. அந்த ஒன்றையும் கொண்டையராஜு மாணவரோடு பகிர்ந்துகொண்டார்.

சென்னையும் கோவில்பட்டியும்

கொண்டையராஜு கோவில்பட்டியில் தங்கிய காலமும் சென்னையில் நவீன ஓவிய இயக்கம் உருப்பெற்ற காலமும் ஏறத்தாழ ஒன்று. 1944இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் நண்பர்களும் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினர். 1957இல் ராய் சௌத்ரிக்குப் பின் பணிக்கர் கலைப்பள்ளி முதல்வரானார். 1966இல் அவர் முன்னின்று சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். பணிக்கரும் கொண்டையராஜுவும் ஒரே கலைப்பள்ளியின் மாணவர்கள். இருவரும் ஓவியர்கள், ஆசிரியர்கள். எனினும் தமிழக நவீன ஓவிய வரலாற்றில் ஒருவர் மையமாகவும் மற்றவர் அடிக்குறிப்பாகவும் அமைந்தனர்.

இருவரும் எதிர்கொண்ட வினா ஒன்றே: கலைப்பள்ளியில் பயின்றவர் ஓவியத்தை விடாமல் எவ்வாறு பிழைப்பது? சோழமண்டலத்து ஓவியர்கள் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயால் தம் ஓவியத்தின் தன்னுரிமையைக் காத்தனர். அங்குப் பிழைப்பும் கலையும் இரு வேறு பணிகளாகப் பிரிந்தன. கோவில்பட்டியில் அவை பிரியவில்லை. ஒரே அட்டை பிழைப்பாகவும் படைப்பாகவும் இருந்தது. முன்னதில் ஓவியர் தமக்கான நடையைக் கண்டடைய வேண்டும். பின்னதில் மாணவர் ஆசிரியரின் நடையை அடைய வேண்டும். தனித்தன்மையை அளவுகோலாகக் கொண்ட நவீனத்துவம் பின்னதை வெறும் நகலெடுப்பாகக் கண்டது இயல்பே. ஆனால் ஒரு நடையைப் பலர் கைகளில் பிசகாமல் நிலைநிறுத்துவதும் ஆசிரியத் திறனே; அதனை மதிப்பிட வேறு அளவுகோல் வேண்டும்.

நவீனம் என்பதன் பொருளையும் இங்குத் தெளிவுபடுத்த வேண்டும். கருப்பொருள் பழமையானது என்பதால் கோவில்பட்டிப் பட்டறை மரபானது ஆகாது. கலைப்பள்ளி, புகைப்படம், நாடகத் திரை, ஆஃப்செட் அச்சு, முகவர் வலையமைப்பு, கடை விளம்பரம் ஆகிய அனைத்தும் நவீன காலத்தின் ஆக்கங்கள். குலத்தொழிலாக அல்லாமல் பயிற்சியால் ஓவியரானவர்கள், முகமறியாத மக்களுக்காக, இயந்திரத்துக்கு ஏற்ப வரைந்தனர். உருவாக்க முறையை அளவுகோலாகக் கொண்டால், தனிக் கித்தானில் தீட்டிய ஓவியத்துக்கு நிகராகவே இப்படங்களும் நவீனமானவை.

எதிர்வாதங்கள்

இம்மதிப்பீட்டுக்கு எதிராக இரண்டு வாதங்கள் எழக்கூடும். முதலாவது, அச்சுப்படம் தெய்வ உருவங்களை ஒருபடித்தானதாக ஆக்கியது என்பது. ஒவ்வோர் ஊர்த் தெய்வத்துக்கும் தனித்த தோற்றமும் ஆயுதமும் கதையும் உண்டு. அய்யனார், கருப்பசாமி, மாரியம்மன் எனச் சுடுமண்ணிலும் பீடத்திலும் வாழ்ந்த தெய்வங்களின் அருகே, எங்கும் ஒரே முகம் கொண்ட அச்சுத் தெய்வங்கள் வந்தமர்ந்தன. சிவந்த மேனியையும் செல்வச் செழிப்பையும் அழகின் அளவாக முன்வைத்த அப்படங்கள், கரிசல் உழவரின் நிறத்தையும் வாழ்வையும் படச்சட்டத்துக்கு வெளியே நிறுத்தின. இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் அச்சுப்படம் மற்றொன்றையும் செய்தது. கோயிற் கருவறையை நெருங்க அனுமதி மறுக்கப்பட்டோரின் வீட்டுக்குள் அது அதே தெய்வத்தைக் கொண்டுவந்தது. 1939 மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவுக்குப் பின்னும் ஊர்க்கோயில்கள் பலவற்றில் தடை தொடர்ந்த சூழலில், கடையில் இலவசமாகக் கிடைத்த மீனாட்சியின் படத்துக்கு எவரும் வாயிற்காவல் வைக்க இயலவில்லை. ஒருபடித்தாக்கலும் பொதுமையாக்கலும் ஒரே செயலின் இரு விளைவுகள். ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைத்தல் முறையன்று.

இரண்டாவது, பட்டறைக் கல்வி மாணவரின் தனித்த பார்வையை வளரவிடவில்லை என்பது. சந்தை கேட்டதையே வரையப் பழகியவர் தாம் காண்பதை வரைய எப்போது கற்பார்? இவ்வினாவுக்கு எளிய விடை இல்லை. கோவில்பட்டி மாணவர்களின் படங்களை ஒருங்கு வைத்து, தனித்து ஒப்பமிட்டவற்றுக்கும் இரட்டை ஒப்பமுள்ளவற்றுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கண்டாலன்றி இதனை முடிவுசெய்ய இயலாது. அவ்வொப்பீட்டுக்குப் படங்கள் கிடைக்க வேண்டும். இங்குதான் ஆவணச் சிக்கல் தலைதூக்குகிறது.

ஆவணப்படுத்தலின் தேவை

நாட்காட்டி ஆண்டுதோறும் குப்பைக்குச் செல்லும் பொருள். மூலப்படங்களோ நீரில் கரையும் வண்ணத்தால் அட்டையில் தீட்டப்பட்டவை. அச்சகத்தின் பார்வையில் அவை அச்சுக்கான ‘டிசைன்’ மட்டுமே. கணினி வடிவமைப்பு வந்தபின் அவற்றின் பயன் மேலும் குறைந்தது. இந்தியத் தெய்வ அச்சுப்படங்களின் பெருந்தொகுப்பு ஒன்று அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழக நூலகத்தில், எச். டேனியல் ஸ்மித் என்னும் சமயவியல் அறிஞரின் சேகரிப்பாகப் பாதுகாக்கப்படுகிறது. சிவகாசியில் அச்சாகி இவ்வட்டாரத்தில் வாழ்ந்த படங்களை ஆராய விரும்புவோர் அயல்நாட்டுத் தொகுப்பை நாடும் நிலை மாற வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. காரியாபட்டி முதல் கோவில்பட்டி வரையுள்ள பழைய கடைகள், பூசை அறைகள், கண்ணாடிச் சட்டம் போடும் கடைகள் ஆகியவற்றில் சட்டமிடப்பட்ட பழம்படங்கள் இன்னும் எஞ்சியுள்ளன. கல்லூரித் தமிழ், வரலாற்றுத் துறை மாணவர்களின் களப்பணியாக அவற்றைப் படம்பிடித்துப் பதியலாம். ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து செய்திகள் போதும்: ஒப்பமிட்டவர் பெயர் அல்லது பெயர்கள், அச்சகப் பெயர், எண் அச்சாகியிருப்பின் அவ்வெண், கீழே அச்சான கடையின் பெயரும் ஊரும், வீட்டார் அதைப் பெற்ற சூழல். இவற்றுள் நான்காவது செய்தி, ஒரு படம் சென்ற ஊர்களின் வரைபடத்தையே தரவல்லது. அத்துடன், அச்சகங்களில் எஞ்சிய மூலப்படங்களுள் சிலவேனும் அரசு அருங்காட்சியகத்தின் பாதுகாப்புக்கு வருவதற்கான முயற்சியும் வேண்டும்.

முடிவுரை

கொண்டையராஜு 1976இல் மறைந்தார். அவர் வாழ்வை முழுமையாக நோக்கும்போது பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

அவர் பயின்ற சென்னைக் கலைப்பள்ளி கைத்தொழிலையும் ஓவியத்தையும் பிரிக்காத காலத்துப் பள்ளி. அச்சுக்கு வரைந்த அவர் பணி அப்பள்ளியின் வழியிலிருந்து விலகியதன்று.

பள்ளி, ஆசிரமம், நாடக மேடை, புகைப்படக் கூடம் ஆகிய நான்கு களங்களின் பயிற்சி அவர் பட்டறையின் தெய்வப்படத்தில் ஒன்றாகக் கலந்தது.

தேவி ஆர்ட் ஸ்டுடியோ வணிக நிறுவனமாக இருந்துகொண்டே கலைக்கல்வி நிறுவனமாகவும் செயல்பட்டது. சிவகாசி அச்சுத் தொழிலின் ஆண்டுச் சுழற்சி அத்தகைய கல்வியை வேண்டி நின்றது.

இரட்டைக் கையொப்பம் அக்கல்வியின் எழுத்துச் சான்று. படத்தின் பொருளுரிமை அச்சகத்துக்குச் சென்றுவிடும் தொழிலில், எஞ்சிய பெயருரிமையை மாணவரோடு பகிர்ந்த செயல் அது.

எனவே ‘காலண்டர் ஓவியர்’ என்ற சொல்லை நீக்க வேண்டியதில்லை. அதனோடு ‘ஆசிரியர்’ என்ற சொல்லையும் சேர்த்தெழுத வேண்டும். தமிழகக் கலைக்கல்வியின் வரலாறு சென்னையிலும் சோழமண்டலத்திலும் மட்டும் எழுதப்பட்டால், பெரும்பான்மைத் தமிழர் நாள்தோறும் கண்டு வணங்கிய படங்களை வரைந்த கைகள் எங்குப் பயின்றன என்ற வினா விடையின்றி நிற்கும். அவ்விடையின் ஒரு பகுதி கோவில்பட்டியில் உள்ளது. மற்றொரு பகுதி, ஒப்பமும் கடைப்பெயரும் மங்கிய நிலையில், இவ்வட்டாரத்து வீட்டுச் சுவர்களில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது அழியுமுன் பதியப்பட வேண்டும்.